எங்கள் வட்டாரத்தின் இரண்டாவது உறுப்பினர்

பிரதேச சபைத் தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவள் என் மதினி. என் புருஷனுக்குச் சின்னம்மா மகள், அவரைவிட மூத்தவள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசை வீடுகளில், எங்கள் காம்பராவுக்கும் அவள் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரைவரை போகாத சுவர். அவளுடைய கட்சிக்காரர்கள் வந்து பேசும்போது நாங்கள் இந்தப் பக்கம் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்போம். எங்கள் கட்சிக்காரர்கள் வந்தால் அவள் சுவரைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் சத்தமா பேசச் சொல்லு புள்ள, பாதி வெளங்கல" என்பாள்.

நாலில் ஒரு பங்கு இடம் பெண்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்து நடந்த முதல் தேர்தல் அது. அதுவரைக்கும் லயத்துப் பெண்களிடம் வாக்கு மட்டும் கேட்டு வந்தவர்கள், திடீரென்று ஆள் தேடி வீடு வீடாக வந்தார்கள். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை என்னிடம்தான் விட்டுப் போவார்கள், அதனால் எல்லா வீட்டுக்கும் என்னைத் தெரியும். மதினி கல்யாணத்துக்கு முன்னால் பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் நின்றவள். சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். புருஷன் போன பிறகு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள், அவளும் கொழும்பில் தையல் ஆலையில்.

நடுவில் மாட்டிக்கொண்டவர், தினமும் காலையில் இரண்டு காம்பராவுக்கும் ஒவ்வொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற என் புருஷன்தான். "அக்காவுக்குப் போட்டா சோறு கெடைக்காது, பொண்டாட்டிக்குப் போட்டா சாபம் கெடைக்கும்" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை எங்கள் இருவருக்குமே சொல்லவில்லை.

நான் ஜெயித்தேன். அன்று சாயங்காலம் வாசல் இஸ்தோப்பில் மாலையும் கழுத்துமாக நிற்கிறேன், மதினி ஒரு கிண்ணத்தில் சீனி கொண்டுவந்தாள்.

"வாயைத் திற."

"மதினி, கோவமா?"

"கோவம் இல்லாம? ஒரு வாரம் கோவமா இருப்பேன். அதுக்கப்புறம் சரியாயிரும். இப்ப வாயைத் திற."

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, "முதல் கூட்டத்துல என்ன பேசப் போற?" என்று கேட்டாள். ரோடு பற்றி, என்றேன். "எந்தப் பாஷைல?" என்றாள். கூட்டம் சிங்களத்தில் நடக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் என்றுகூட அதற்குப் பெயர் கிடையாது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. மூன்று லயம், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பிள்ளைக் காம்பரா, மேட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கோப்பிக் காலத்தில் காடு வெட்டிய ஆட்கள் தங்கிய இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காட்டை வெட்டி, கோப்பி போட்டு, அது செத்து, தேயிலை போட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவர்கள் நாங்கள். ஆனால் எங்களுக்கு விலாசம் தோட்டத்தின் பெயர் மட்டும்தான். கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குப் பெயர், எங்களுக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிற சிங்களக் கிராமத்தின் பெயர். எங்களுக்குத் தோட்டத்து மேனேஜர் தொரைதான் அரசாங்கம். ரோடா, தொரையிடம் கேள். தண்ணியா, தொரையிடம் கேள். செத்தால் குழி வெட்ட இடமா, அதற்கும் தொரைதான். பிரதேச சபை என்று ஒன்று இருப்பதே தேர்தல் காலத்துச் சுவரொட்டியில்தான் தெரியும்.

முதல் கூட்டத்தில் நான் எழுந்து, தேயிலை ஆலை ஸ்டோரிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு வரும் ரோட்டைச் செய்து தர வேண்டும் என்று தமிழில் சொன்னேன். மொழிபெயர்க்க ஆள் வரவில்லை. செயலாளர் சிங்களத்தில் என்னவோ சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சந்தோஷமாக மதினியிடம் சொன்னேன். செயலாளர் பேசியதில் என் காதில் நின்ற ஒன்றிரண்டு சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் முகம் மாறியது.

"முடியாதுன்னுல்ல சொல்லியிருக்காரு. தோட்டம் தனியார் காணி மாதிரி, அதுல சபை ஒரு கூடை கல்லுகூட போட சட்டம் விடாதுன்னு சொல்லியிருக்காரு. நீ அதுக்குத் தலையாட்டிட்டு வந்திருக்க."

அன்று நான் அழுதேன். அடுத்த மாதம் மதினி வேலைக்குப் போகாமல் ஒரு நாள் சம்பளப் பேரை விட்டுவிட்டு, துணிக்கடைக் காலத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். சபை மண்டபத்தில் பொதுமக்கள் உட்காருகிற வாங்கு பின்னால் இருக்கும். அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் நாற்காலிக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். யார் என்ன பேசினாலும் என் தோளுக்குப் பின்னாலிருந்து தமிழ் வந்தது.

சபைக்குத் தலைவரான தவிசாளர் கீழ்க் கிராமத்துச் சிங்களவர். வேறு கட்சி, பெரிய மீசை. பேச்சை நிறுத்தி, "அந்த அம்மா யார்?" என்று கேட்டார்.

மதினியே எழுந்து சிங்களத்தில் பதில் சொன்னாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. பிறகுதான் எனக்குச் சொன்னாள்: "இவ கிட்ட தோத்தவ நான்தான், தோத்தாலும் இவ எப்படி வேலை செய்யறான்னு பார்க்க வந்தேன்னு சொன்னேன்."

செயலாளர் சட்டத்தில் இடமில்லை என்று ஆரம்பித்தார். தவிசாளர் கையை அசைத்து, "பொதுமக்கள் வாங்கில் பொதுமக்கள் உட்காரக் கூடாதா?" என்றார். அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் வந்தாள். போகப் போக மற்ற உறுப்பினர்கள் அவளிடம் நேரடியாகவே பேச ஆரம்பித்தார்கள். "ரெண்டாவது மெம்பர் வந்தாச்சா?" என்று தேநீர் கொண்டுவருகிறவர்கூடக் கேட்பார்.

கொஞ்ச காலத்தில் சட்டம் மாறியது. தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்று வந்தது. எங்கள் ரோட்டில் பாதிக்குக் கொங்கிரீட் விழுந்தது. மூன்று இடத்தில் லைட் போட்டார்கள். குப்பை எடுக்க டிராக்டர் வந்த முதல் நாள் பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடின. பெரிய விஷயமா என்று வெளியாட்கள் கேட்கலாம். பேறுகாலத்துக்குப் பெண்ணைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்கு, வீட்டு வாசலில் திரீவீலர் வந்து நிற்பது பெரிய விஷயம்தான். ரோட்டைத் திறக்க வந்தவர்களுக்குள் யார் நாடாவை வெட்டுவது என்று சண்டை. கடைசியில் தவிசாளர் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். நான் மதினியைத் தேடினேன். அவள் கோயிலடியில் வந்தவர்களுக்கெல்லாம் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

சபையின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது. சில வருஷம் உறுப்பினர் என்று யாருமே இல்லை. அந்த நாட்களில்தான் நடு லயத்துக்கு மேலே, தேயிலைக்குள்ளே, நிலம் பிளந்தது. முதலில் ஒரு விரல் நுழைகிற அளவுதான். அடுத்த மழைக்குக் கை நுழைந்தது. மண்ணைச் சோதிக்கிற அதிகாரிகள் கொழும்பிலிருந்து வந்தார்கள். அளந்தார்கள். மழைமானி ஒன்றை நட்டார்கள். இங்கே இருப்பது ஆபத்து, வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்றார்கள்.

"எங்க போறதுங்க?" என்று மதினி கேட்டாள்.

அது அவர்களுடைய வேலை இல்லையாம்.

அடுத்த தேர்தலில் மதினியை நிற்கச் சொல்லி அவள் கட்சி வந்து கெஞ்சியது. மாட்டேன் என்றுவிட்டாள். எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள். மறுபடி நான் வந்தேன், தவிசாளரும் அவரே. முதல் கூட்டத்திலிருந்து எனக்கு ஒரே பேச்சுத்தான்: கீழ்ப்பிரிவு ஆட்களுக்குக் காணி. சபைக்குக் காணி கொடுக்க அதிகாரம் இல்லை. தோட்டத்தை நடத்துகிற கம்பனியைக் கேட்டால், காணி அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள்தான் என்றது. அரசாங்க அலுவலகத்தில், கம்பனி சம்மதம் கொடுக்கட்டும் என்றார்கள். நானும் மதினியும் பதுளையில் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒரு இடத்தில் அதிகாரி மதியச் சாப்பாடு முடிந்து வருவார் என்று உட்கார்ந்தோம், அவர் வரவே இல்லை. திரும்பும்போது பஸ் ஹாலிஎலயைத் தாண்டியது. மதினி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு மலை இருக்கு புள்ள. அத்தனையும் நம்ம ஆளுங்க வெட்டிப் போட்டது. இருபது வீட்டுக்கு இடம் இல்லைங்கிறான் பாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அவள் களைத்து நான் பார்த்தது அன்றுதான்.

போன வருஷக் கடைசி மழை எல்லாருக்கும் தெரியும். அப்புத்தளைப் பக்கம், லுணுகலைப் பக்கம், எங்கே பார்த்தாலும் மலை இறங்கியது. எங்கள் சபையில் அன்று வருஷ வரவு செலவுப் பாதீடு நிறைவேற்றுகிற கூட்டம். அதில் கீழ்ப்பிரிவுக்கு மாற்று இடம் வந்தால் ரோடும் தண்ணீரும் போடப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நானும் தவிசாளரும் சண்டை போட்டுச் சேர்த்திருந்தோம். இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக ஆட்கள். நான் போகாவிட்டால் விழுந்துவிடும்.

காலையில் மழையைப் பார்த்து நான் தயங்கி நின்றேன். மதினி பொலித்தீன் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"நீ போ. நான் இன்னைக்கு வரல. ஆளுங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தணும். மழைமானி ரொம்பிப் போச்சு."

"நானும் இருக்கேன் மதினி."

"நீ இருந்து என்ன பண்ணப் போற? மூட்டை தூக்குவியா? அங்க கை தூக்கறதுக்கு நீதான் வேணும். போ."

போனேன். மண்டபத்தில் மின்சாரம் இல்லை. மழைச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. பின்னால் வாங்கு காலி. இடையில் மதினி எனக்குப் போன் எடுத்தாள். ஒருத்தர் தவிர எல்லாரும் மேலே வந்தாச்சு, அவரைத் தம்பி தூக்கிட்டு வர்றான், என்றாள். கடைசி லயத்துத் தாத்தா கோழியை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்ததையும், கோழியையும் அவரையும் சேர்த்தே தூக்கி வந்ததையும் சொன்னாள். பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"என்ன மதினி சத்தம்?"

"பசிக்குதுன்னு கத்துதுங்க. காலையில இருந்து ஒன்னும் சாப்பிடல. பள்ளிக்கூடத்துல அடுப்பு இருக்கு, அரிசிதான் இல்ல. என் காம்பராவுல அரை மூட்டை கெடக்கு. எடுத்துட்டு வந்துர்றேன்."

"போகாதீங்க. மழை விடட்டும்."

"இந்தா இருக்கு, கண்ணுக்கு முன்னாடி. போனதும் வந்துர்றேன். உன் வாக்கைப் போட்டியா?"

"இன்னும் இல்ல."

"ஒன்னு கொறைஞ்சா விழுந்துரும். போட்டுட்டு போன் எடு."

வாக்கெடுப்பு நடந்தது. கையைத் தூக்கினேன். ஒரே ஒரு வாக்கில் பாதீடு நிறைவேறியது. வெளியே வந்து அவளுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிப்பதும் நின்றுவிட்டது.

ரோடு இரண்டு இடத்தில் மூடிவிட்டதால் அன்று திரும்ப முடியவில்லை. தவிசாளர் வீட்டில் அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் அவரும் என்னோடு நடந்தார். மண்ணையும் விழுந்த மரங்களையும் ஏறி இறங்கி நாங்கள் போய்ச் சேர மத்தியானம் ஆனது. மேட்டிலிருந்து பார்த்தேன். எங்கள் நடு லயம் இருந்த இடத்தில் சிவப்பாக மண். எங்கள் காம்பரா, அவள் காம்பரா, நடுவில் இருந்த சுவர், எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். கோழிகூட இருந்தது. என் புருஷன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். அவர் நகமெல்லாம் உடைந்து இரத்தம் கட்டியிருந்தது.

"அக்கா போகும்போது நான் கீழ ஒரு ஆளைத் தூக்கிட்டு வந்துகிட்டிருந்தேன். பார்க்கல. பார்க்கல" என்றார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பிரிவில் போனது ஒரு உயிர்தான். மற்ற இடங்களில் குடும்பம் குடும்பமாகப் போனதால் எங்களை யாரும் செய்தியில் சொல்லவில்லை. ஒருத்தர்தானா என்று கேட்டவர்கள் உண்டு. 

அவளைக் கண்டெடுக்கச் சில நாட்கள் ஆனது. கீழ்க் கிராமத்து ஆட்கள் தங்கள் வயல் மூடிக் கிடக்க, அதை விட்டுவிட்டு வந்து எங்களோடு தோண்டினார்கள். கொழும்பிலிருந்து மகள் பாதி வழி லொறியிலும் மீதி நடந்துமாக வந்து சேர்ந்தாள். புதைத்து முடித்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

"அத்தை, அம்மா கடைசியா உங்ககிட்டதானே பேசினாங்க?"

"ஆமாம்மா."

"என்னைப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யால் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஆறுதல் கிடைத்திருக்கும். என் வாயில் வரவில்லை. "பிள்ளைங்களுக்குப் பசிக்குதுன்னு சொன்னாங்க. வாக்கைப் போடுன்னு சொன்னாங்க" என்றேன். அவள் பாயில் நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். பிறகு, "எனக்கும் போன்ல அதேதான். சாப்பிட்டியா, சாப்பிட்டியா. வேற ஒன்னும் கேட்க மாட்டாங்க" என்று சொல்லி என் மடியில் சாய்ந்து அழுதாள். அதற்குப் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் மதினிக்கு இரங்கல் தெரிவித்து அனுதாபப் பிரேரணை கொண்டுவந்தேன். சபை வழக்கப்படி முன்னாள் உறுப்பினர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும்தான் அப்படிச் செய்வது என்று செயலாளர் தவிசாளரின் காதில் மெதுவாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்குச் சட்டம்தான் தெரியும். தவிசாளர் எழுந்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள், கடைசியில் செயலாளரும். மௌனம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். மாற்றுக் கட்சிக்காரர்களும் பேசினார்கள். ஒருவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் என்னவோ சொல்ல, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அவளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினார்கள், எனக்கு அங்கொன்றும் இங்கொன்றும்தான் புரிந்தது. என்ன சொல்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட்டபோது கிடைக்காத காணி, மண் இறங்கிய பிறகு கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வீடு கட்டித் தருவார்களாம். கீழ்ப்பிரிவில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது. போட்டிருந்த லைட்டுகளைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொடுக்கலாமா என்று சபையில் கேட்டார்கள். வட்டார உறுப்பினர் ஆமோதிக்க வேண்டும். இருட்டில் கிடக்கிற ஒரு லயத்துக்குப் போகட்டும் என்று நான்தான் ஆமோதித்தேன். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. ஆறுதான் சபைக்கு எல்லை. நாங்கள் போயிருக்கிற இடம் பக்கத்துப் பிரதேச சபைக்குச் சேர்ந்தது. அன்று ஒரு வாக்கால் நாங்கள் ஜெயித்து ஒதுக்கிய பணத்தை எல்லை தாண்டிச் செலவழிக்க முடியாது. செயலாளர் அதை எனக்கு விளங்கப்படுத்த, தெரிந்த அரைகுறைத் தமிழில் ரொம்பப் பாடுபட்டார். "மன்னிச்சுக்குங்க மிஸ்" என்று கடைசியில் சொன்னார்.

இப்போதும் மாதம் ஒரு முறை ஆற்றைக் கடந்து போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எனக்கு வாக்குப் போட்ட ஆட்கள் அந்தச் சபையின் எல்லைக்குள் இல்லை. இங்கே கொட்டிலில் தண்ணீர் இல்லாததால், போன கிழமை பக்கத்துச் சபை அலுவலகத்துக்கு மற்றப் பெண்களோடு நானும் போய் வரிசையில் நின்றேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. எனக்கு வந்த சிங்களத்தில், பிழையும் சரியுமாக, ஆள் எத்தனை, பிள்ளை எத்தனை, எந்த இடம் என்று நானே சொன்னேன். மேசையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். தண்ணீர் பவுசர் அனுப்புவதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பவுசர் வந்தது. குடங்களோடு எல்லாரும் ஓடினார்கள். என் புருஷன் இரண்டு குடம் பிடித்து வந்து, ஒன்றைக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று தெரியாதவர் மாதிரி அங்கேயே நின்றார்.